கொரோனா காலத்தில் கையெழுத்து வேட்டை

ஊரில் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க, தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிந்தால் போதும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் என்றால் ஒருவரே போதும். டெபாசிட்டைக் கட்டி, மனுவைக் கொடுத்துவிட்டுப் பிரசாரத்துக்குக் கிளம்பிவிடலாம். நியூயார்க்கில் கதை வேறு. மாநில அசெம்பிளிக்கான பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில், வாக்குச்சீட்டில் பெயர் வரவே அந்தத் தொகுதியில் அதே கட்சியில் பதிவு செய்திருக்கும் 500 பேரின் கையெழுத்து வேண்டும். மாநில செனட்டுக்கு 1,000. வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபைக்கு 1,250. பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. படியேறித்தான் ஆக வேண்டும்.

2020 பிப்ரவரி கடைசியில் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஓர் அசெம்பிளி வேட்பாளருக்காக இந்த வேலையில் இறங்கினேன். மறு ஆண்டு நகரசபைத் தேர்தலிலும் இதே வேலை. இரண்டுக்கும் நடுவில் கொரோனா. அரசு எதை மாற்றியது, எதைத் தொடாமல் விட்டது, அதனால் கிளிப்போர்டோடு நின்ற எங்களுக்கு என்ன ஆனது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இங்கே நம்மவர்கள் பலர் இப்போது பள்ளி வாரியம், நகரசபை என்று நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். யாருக்காவது உதவும்.

முதலில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தேர்தல் வாரியத்திடமிருந்து கட்சி வாக்காளர்களின் பட்டியலை வாங்கி, தெரு வாரியாகப் பிரித்துக்கொள்வோம். எங்கள் கையில் இருந்தது பச்சைத் தாள். தேதி, கையெழுத்து, முகவரி என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் சாட்சியின் உறுதிமொழி. இந்தத் தாளில் இத்தனை கையெழுத்து இருக்கிறது, ஒவ்வொருவரும் என் கண்முன்னே போட்டார்கள், தாங்கள் இன்னார் என்று என்னிடம் சொன்னார்கள் என்று தாளைக் கொண்டுபோனவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த எண்ணிக்கையை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். விட்டுப்போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முழுத் தாளையும் தூக்கச் சொல்வார். ஒரே பதவிக்கு இரண்டு வேட்பாளர்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் என்றால் முதலில் போட்டது மட்டுமே செல்லும்.

அந்த "கண்முன்னே" என்ற நிபந்தனையில்தான் கொரோனா வந்து மோதியது.

நியூயார்க்கில் முதல் தொற்று மார்ச் 1 அன்று உறுதியானது. மார்ச் 7இல் மாநிலத்தில் அவசரநிலை. முகக்கவசம் போடச் சொல்லி மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னது ஏப்ரல் 3 அன்றுதான். ஆக, அந்த மார்ச் முதல் இரண்டு வாரம் நாங்கள் வெறும் முகத்தோடு, பாக்கெட்டில் ஒரு சானிடைசர் பாட்டிலோடு, லிஃப்ட் பட்டனை முழங்கையால் அமுக்கிக்கொண்டு அடுக்குமாடிகளில் ஏறி இறங்கினோம். பாட்டில் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கடைகளில் அது காலி.

குவீன்ஸில் ஃப்ளஷிங் என்ற இடத்தில் ஒரு மாமி. பட்டியலில் பெயரைப் பார்த்ததும் தமிழ் என்று தெரிந்து, கதவைத் தட்டிவிட்டு நாலடி பின்னால் தள்ளி நின்றேன். சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா, இந்தப் பேனா இன்னிக்கு எத்தனை பேர் கை பட்டது?" என்றார். நியாயமான கேள்வி. "உங்க பேனாவிலேயே போடுங்க மாமி" என்றேன். உள்ளே போய் எடுத்து வந்தது பென்சில். மையில்தான் போட வேண்டும் என்பது சட்டம். மறுபடி உள்ளே போனார். இந்த முறை நீல மைப் பேனா. கிளிப்போர்டைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். குனிந்து எடுத்தவர் நிமிர்ந்து, "தமிழ்ல போடவா, இங்கிலீஷ்லயா?" என்றார். வாக்காளராகப் பதிவு செய்தபோது எப்படிப் போட்டாரோ அப்படியே போட வேண்டும், வாரியத்தின் கோப்பில் இருக்கும் கையெழுத்தோடுதான் ஒப்பிடுவார்கள் என்றேன். அழகாகத் தமிழில் போட்டுக் கொடுத்தார்.

ஒரே ஒரு கையெழுத்து. வழக்கமாக அரை நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு வாசலில் கற்றதை வைத்துத்தான் மீதி நாட்களை ஓட்டினோம்.

அதில் முக்கியமானது இது: நியூயார்க் சட்டப்படி வாக்காளர் கையெழுத்தை மட்டும் போட்டால் போதும். தேதி, முகவரி எல்லாவற்றையும் வேறொருவர் நிரப்பலாம். பழைய ஆட்களுக்கு இது தெரியும், ஆனால் மரியாதைக்காகவோ பழக்கத்துக்காகவோ வாக்காளரிடமே எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். நாங்கள் அதை நிறுத்தினோம். பட்டியலைப் பார்த்து முகவரியை முன்கூட்டியே எழுதிவிட்டு, ஆள் கதவைத் திறந்ததும் தேதியைப் போட்டு நீட்டினோம். அவர் தாளைத் தொடும் நேரம் சில நொடிகளாகச் சுருங்கியது. புது விதி எதுவும் வேண்டியிருக்கவில்லை; இருக்கிற சட்டத்தைச் சரியாகப் படித்ததே போதுமானதாக இருந்தது. நெருக்கடி வந்தால் விதி மாறும் என்று காத்திருப்பதற்கு முன், பழைய விதி எதையெல்லாம் கட்டாயப்படுத்தவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேறு சில யோசனைகள் வந்தன, சட்டம் இடம் கொடுக்கவில்லை. வரவேற்பறைக் காவலரிடம் தாளை வைத்துவிட்டுப் போகலாமா என்றார் ஒரு இளைஞர். முடியாது, சாட்சி பார்க்க வேண்டும். கையெழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாமா? முடியாது, அசல் மை வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான், தாள் மட்டும் இடுக்கு வழியாக? இது முடியும், கண்ணால் பார்க்கிறோமே. சில பழைய கட்டடங்களில் அப்படியும் வாங்கினோம்.

மார்ச் 14, சனிக்கிழமை, ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோவின் உத்தரவு வந்தது. ஏப்ரல் 2 வரை ஓட வேண்டிய கையெழுத்துக் காலம் மார்ச் 17, செவ்வாய் மாலை 5 மணியோடு முடிகிறது. தேவையான எண்ணிக்கை சட்டத்தில் இருப்பதில் 30 சதவீதமாகக் குறைகிறது. அசெம்பிளிக்கு 500 என்பது 150 ஆனது. செனட்டுக்கு 300. பிரதிநிதிகள் சபைக்கு 375. மனு கொடுக்கும் நாட்களும் முன்னால் வந்தன.

எங்களுக்கு அது நிம்மதி. ஏற்கெனவே போதுமான அளவு சேர்ந்திருந்தது. தன்னார்வலர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களை இனி வெளியே அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துத் தொகுதியில் புதிதாக நின்ற ஒருவரின் நிலைமை வேறு. மார்ச் இரண்டாம் பாதியில் வேகம் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தார். கட்சி அமைப்பின் ஆதரவு இல்லாதவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள், வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் நடப்பார்கள். "எண்ணிக்கையைக் குறைச்சுட்டாங்களே, சந்தோஷப்படுங்க" என்று அவரிடம் சொன்னவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "அண்ணா, எனக்கு 500 இருந்தாலும் பரவாயில்லை, நாள் இருந்தா போதும்."

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணிக்கை 30 சதவீதமானது சரி. காலமும் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது, அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல், பந்தயம் பாதி ஓடிய பிறகு. முன்பே தொடங்கியவருக்கு அது பரிசு, பின்னால் தொடங்கியவருக்கு அபராதம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த வாரத்தில் எல்லோரும் குழப்பத்தில்தான் இருந்தார்கள். ஆனாலும் விதியை எழுதுகிறவர்கள் எண்ணிக்கையையும் நாட்களையும் ஒரே கத்தரியால் வெட்டும்போது, யாருக்கு என்ன கைவசம் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. எண்ணிக்கையைக் குறைத்தார்கள், முறையை மாற்றவில்லை. மை, தாள், நேரில் சாட்சி எல்லாம் அப்படியே. அந்தக் கடைசி நாட்களில் இன்னும் கையெழுத்துத் தேவைப்பட்டவர்கள், தொற்று ஏறிக்கொண்டிருந்த குவீன்ஸ் தெருக்களில் நடந்துதான் வாங்க வேண்டியிருந்தது.

அக்கம்பக்க மாநிலங்களைப் பார்த்தால் இது புரியும். ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. ஆளுநர் ஃபில் மர்ஃபி மார்ச் 19 அன்று போட்ட உத்தரவில் எண்ணிக்கையைத் தொடவில்லை. அங்கே அது முன்பே குறைவு, பிரதிநிதிகள் சபைக்கே அப்போது 200தான். அதற்குப் பதில் மின்னணுக் கையெழுத்தை அனுமதித்து, மனுவையும் மின்னணு வழியில் கொடுக்கச் சொன்னார். அங்கே எடிசன் என்ற ஊரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் சோபாவில் உட்கார்ந்தபடி வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பிக் கையெழுத்துச் சேர்த்தார். போனில் என்னைக் கிண்டலும் செய்தார். பொறாமையாகத்தான் இருந்தது.

மாசசூசெட்ஸில் வேட்பாளர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் 17 அன்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் எண்ணிக்கையைப் பாதியாக்கி, மாவட்ட அளவிலான பதவிகளுக்குக் கெடுவைத் தள்ளி வைத்து, மின்னணுக் கையெழுத்தையும் அனுமதித்தது. மாநிலக் கீழவைக்கு 150 என்பது 75 ஆனது. மூன்றையும் சேர்த்துச் செய்ததால் பின்தங்கியவருக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. மிச்சிகனிலும் வழக்குக்குப் பிறகு பிரதிநிதிகள் சபைக்கான 1,000 கையெழுத்து 500 ஆகி, கெடு மே 8 வரை நீண்டது. இல்லினாயில் சிறு கட்சிகள் வழக்குப் போட்டு, தேவையான எண்ணிக்கையில் 10 சதவீதம் போதும் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வெர்மான்ட் மாநிலம் ஒரே போடாக அந்த ஆண்டுக்குக் கையெழுத்தே வேண்டாம் என்று சட்டம் போட்டது. சின்ன மாநிலம், அங்கே முடியும். நியூயார்க்கில் அப்படிச் செய்தால் வாக்குச்சீட்டு கல்யாணப் பந்தி இலை அளவுக்கு நீளும்.

கொரோனாவுக்கு முன்பே ஆன்லைனில் கையெழுத்து வாங்கிய மாநிலமும் உண்டு. அரிசோனாவில் வேட்பாளர்களுக்கு மாநில அரசே நடத்தும் இணையதளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. வாக்காளர் தன் விவரத்தைக் கொடுத்து உள்ளே போய்க் கையெழுத்திடலாம், பட்டியலோடு அங்கேயே சரிபார்த்துவிடும். 2020இல் மக்கள் முன்மொழிவுச் சட்டங்களுக்காக, அதாவது மக்களே முன்மொழிந்து வாக்கெடுப்புக்கு விடும் சட்டங்களுக்காக, கையெழுத்துச் சேர்த்தவர்கள் எங்களுக்கும் அதைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கருவி இருந்தும் சட்டத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

மின்னணு முறையிலும் பள்ளங்கள் உண்டு. மாசசூசெட்ஸில் ஒரு வேட்பாளர் தரப்பு எந்த மென்பொருள் வழியாகக் கையெழுத்து வாங்கியது என்பதே பெரிய தகராறாகி, மறுபடி நீதிமன்றம் வரை போனது. எனவே உங்கள் மாநிலம் ஆன்லைன் கையெழுத்தை அனுமதித்தால், இணைப்பை ஊருக்கெல்லாம் அனுப்பும் முன், வாரியம் சொன்ன படிவம் எது, விரலால் வரைய வேண்டுமா, பெயரைத் தட்டச்சு செய்தால் போதுமா, கோப்பு எந்த வடிவில் போக வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒரு அலுவலர் "பரவாயில்லை" என்று சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது. இன்னொன்று, மின்னஞ்சலே இல்லாத பெரியவர்கள். அந்த மாமியிடம் இணைப்பை அனுப்பியிருந்தால் கையெழுத்து வந்திருக்காது. ஆன்லைன் என்பது கூடுதல் வழியாக இருக்க வேண்டும், ஒரே வழியாக அல்ல.

சரி, எங்கள் மனுவுக்கு வருகிறேன். 150 போதும் என்றதும் கூட இருந்த சிலர், மீதியைக் கொடுக்க வேண்டாமே, எதற்கு வேலை என்றார்கள். நாங்கள் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தோம். எண்ணிக்கை குறைந்த ஆண்டில் ஒவ்வொரு கையெழுத்தின் எடையும் கூடுகிறது. 500க்கு 900 கொடுத்தவரிடம் 200ஐத் தள்ளுபடி செய்தால் ஒன்றும் ஆகாது. 150க்கு 180 கொடுத்தவரிடம் 31 போனால் கதை முடிந்தது. எதிர்ப்பு மனு போடும் விதியோ கொஞ்சமும் தளரவில்லை. மனு கொடுத்த 3 நாளுக்குள் பொதுவான ஆட்சேபம், அதன்பின் 6 நாளுக்குள் வரிவரியாக விவரம். வீட்டில் அடைந்து கிடந்த வக்கீல்களுக்கு வேறு வேலையும் இல்லை! வீடு மாறியவர், வேறு கட்சியில் பதிவு செய்தவர், எல்லைக்கு அந்தப்பக்கத் தெரு என்று சல்லடை போட்டுச் சலித்தார்கள். தேவையைப் போல மூன்று மடங்கு சேர்ப்பது என்று பழைய ஆட்கள் சொல்லும் கணக்கை, நெருக்கடிக் காலத்தில் குறைக்காதீர்கள்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் பட்டியலோடு ஒப்பிட்டோம். தவறான தொகுதி என்று தெரிந்த வரியை நாங்களே கோடு போட்டு அடித்தோம். பிறகு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்தோம். ஸ்கேன் எடுத்தது ஆட்சேபம் வந்தால் பதில் சொல்லத்தான். ஆனால் அது இன்னொன்றுக்கும் உதவியது.

மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் தன்னார்வலர் ஒருவர் காய்ச்சலில் படுத்தார். பரிசோதனை கிடைப்பதே அப்போது குதிரைக்கொம்பு. அவர் யார் யார் வாசலில் நின்றார் என்று யோசித்தபோதுதான் உறைத்தது: கையெழுத்துத் தாளே முழுப் பதிவேடு. பெயர், முகவரி, தேதி மூன்றும் அதில் இருக்கின்றன, கீழே யார் வாங்கியது என்பதும் இருக்கிறது. அவர் கடைசியாக நடந்த நாட்களின் தாள்களை எடுத்து, வாக்காளர் கோப்பில் தொலைபேசி எண் இருந்தவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொன்னோம். ஆள் பெயரைச் சொல்லவில்லை, தேதியை மட்டும் சொன்னோம். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் திட்டினார், திட்டியதில் தப்பில்லை. கதவு தட்டும் வேலையில் இருப்பவர்கள் தொற்றுக் காலத்தில் இந்த ஏற்பாட்டை முன்பே செய்து வைக்க வேண்டும்: தாளின் நகல் அன்றன்று ஒரு இடத்துக்கு வர வேண்டும், உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது, யார் போன் செய்வது என்று பேசி வைத்திருக்க வேண்டும். திறக்காத கதவுகள் தாளில் வராது என்பதால் நடந்த பட்டியலையும் தூக்கிப் போடக் கூடாது.

ஊரில் இருக்கும் என் அத்தை மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். 2020 ஆகஸ்டில் இந்தியத் தேர்தல் ஆணையம் கொரோனா கால வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டபோது அவனே அனுப்பி வைத்தான். வேட்புமனுப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பி அச்செடுக்கலாம், டெபாசிட்டை ஆன்லைனில் கட்டலாம், மனுத் தாக்கலுக்கு வேட்பாளரோடு இரண்டு பேர், இரண்டு வண்டி, வீடு வீடாகப் போக வேட்பாளரையும் சேர்த்து ஐந்து பேர். தேர்தல் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் ஒரே விதி கையில் இருந்தது. தெருவில் அது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதை 2021 பிரசாரக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2021 மார்ச்சில் நான் மறுபடி கிளிப்போர்டைத் தூக்கினேன், இந்த முறை நகரசபைக்கு. கையெழுத்துக் காலம் முழுக்கத் தொற்றுக்கு நடுவில் வரப்போகிறது என்று ஒரு வருடமாக எல்லோருக்கும் தெரியும். கையெழுத்தே வேண்டாம் என்றும், ஆன்லைனில் வாங்க விடுங்கள் என்றும் வேட்பாளர்கள் பலர் கேட்டார்கள். கிடைத்தது மறுபடியும் எண்ணிக்கைக் குறைப்புதான். மாநிலச் சட்டத்தின் 900இல் 30 சதவீதம், அதாவது 270. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நகரத்தின் சாசனப்படி வழக்கமாகத் தேவைப்பட்டதே 450தான். மேயருக்கும் இதே கணக்கு: 3,750 இருந்த இடத்தில் 2,250. "30 சதவீதம்" என்று தலைப்பில் படித்ததைத் தரையில் நின்று எண்ணினால் 60 சதவீதம். எதன் 30 சதவீதம் என்று கேட்காமல் இலக்கு வைக்காதீர்கள்.

அந்த ஆண்டு கதவு தட்டுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். கடைத்தெரு ஓரத்தில் மடக்கு மேசை, அதன் இந்தப் பக்கம் சாட்சி, அந்தப் பக்கம் வாக்காளர், நடுவே தாள். இரண்டு குவளை: ஒன்றில் துடைத்த பேனா, இன்னொன்றில் தொட்ட பேனா. தெருவில் நிறுத்தினால் பாதிப் பேர் தொகுதிக்கு வெளியே இருப்பவர்கள். அதனால் போனில் வாக்காளர் பட்டியலைத் திறந்து வைத்து, பெயரைக் கேட்டு, இருந்தால் மட்டும் பேனாவைக் கொடுத்தோம். ஒரு சிறுவன் அம்மாவின் கையைப் பிடித்தபடி வந்து, அந்த இரண்டாவது குவளையில் இருந்த பேனாக்களையெல்லாம் எடுத்து முதல் குவளையில் போட்டுவிட்டான். எல்லாவற்றையும் மறுபடி துடைத்தோம்.